வெறுநிலம் என்று எண்ணினேன்

தமிழ் பயிலும் மாணவனுக்கு மின்சுற்றுப் பலகையில் என்ன வேலை என்று இவ்விதழைப் படிப்போர் வினவக்கூடும். வினா நேரியதே. ஆயினும், சென்ற ஆண்டு யான் செய்த பிழையொன்று அத்தகைய பலகை ஒன்றனுள் புதைந்து கிடக்கின்றது. அதனை மறையாது கூறுதலே முறையென்று கருதி இதனை வரைகின்றேன்.

விடுதியில் என்னுடன் உறையும் நண்பர் பௌதிகம் பயில்பவர். அவர் ஓர் அளவைக் கருவிக்காக நான்கு அடுக்குடைய பலகை ஒன்றைக் கணினியில் வகுத்துக்கொண்டிருந்தார். நான்கும் சேர்ந்து 1.6 மில்லிமீட்டர் கனமே. மேலடுக்கிலும் கீழடுக்கிலும் செம்புக் கோடுகள் எறும்பு நிரைபோல் நெருங்கி ஓடின. உள்ளடுக்குகள் இரண்டனுள், மேலடுக்கை அடுத்திருப்பது ‘கிரவுண்டு’ எனப்படும் நிலத்தளம். மற்றையது மின்வழங்கு தளம். நிலத்தளத்தில் கோடொன்றும் இல்லை. முழுதும் ஒரே செம்புத் தகடாய் விரிந்து கிடந்தது.

இரண்டு கோடுகளுக்கு இடமின்றி அவர் இடர்ப்படுவதைக் கண்டு, “இவ்வளவு நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு இடமில்லையென்று வருந்துவானேன்? இதனைக் கீறி, அவ்விரண்டையும் இவ்வழியே விடும்” என்று நகைத்தேன். பலகையைச் செய்ய அனுப்பவேண்டிய நாள் நெருங்கிவிட்டமையால், அவரும் அரைமனத்துடன் அவ்வாறே செய்தார்.

பலகை வந்தது. மெல்ல இயக்கியபொழுது ஒழுங்காய் நடந்தது. விரைந்து இயக்கியபொழுது எண்கள் தடுமாறின. இரண்டு வாரம் அவர் உறக்கமின்றி உழன்றார். இறுதியில் ஆசிரியர் படத்தை நோக்கி அப்பிளவின்மேல் விரலை வைத்து, “இவ்வாறு கீறும்படி உமக்கு யார் சொன்னார்?” என்றார். அருகில் நின்ற என்னை நோக்காமலே, “யானே செய்தேன், ஐயா” என்றார் நண்பர். யான் வாய் திறந்திலேன்.

ஆசிரியர் விளக்கியது இது: புறப்பட்ட மின்னோட்டம் புறப்பட்ட இடத்திற்கு மீண்டே தீரும். ஒரு சந்திக்கு வரும் மின்னோட்டமும் அதனைவிட்டு நீங்கும் மின்னோட்டமும் சமம் என்பது கிர்க்காஃப் 1845-இல் வெளியிட்ட விதி. மெல்ல மாறும் மின்னோட்டம் தடை குறைந்த வழியிற் பரந்து மீளும். விரைந்து மாறுவதோ, மேலே கோடு செல்லும் வழிக்கு நேர்கீழாக, நிலத்தளத்தின்மேல் நிழல்போல் ஒட்டி மீளும். அதுவே தூண்டம் மிகக் குறைந்த வழி. என் பிளவு அந்நிழல்வழியை அறுத்துவிட்டது. மின்னோட்டம் பிளவைச் சுற்றி மீளவே வளையம் பெரிதாயிற்று. பெரிய வளையம் அயற்கோடுகளைக் குழப்பும், வெளியிலும் அலைகளை வீசும்.

மின்வழங்கு தளமும் இவ்வாறே கருதி வகுக்கத்தக்கது. சில்லுகள் கண்ணிமைப்பினும் மிகக் குறைந்த காலத்தில் மின்னோட்டத்தைத் திடீரென வேண்டும். தொலைவினின்று வருமளவும் காத்திரா. ஆதலின், வாயிலருகே நீர்க்குடம் வைத்தாற்போல, ஒவ்வொரு சில்லின் பக்கத்திலும் சிறு மின்தேக்கிகளை வைத்து, அவற்றை இரு தளங்களோடும் குறுகிய வழியால் இணைப்பர்.

அன்றிரவே நண்பரிடம் பொறுத்தருள வேண்டினேன். மறுநாள் ஆசிரியரிடம் உண்மையைக் கூறி, இரண்டாம் பலகையின் செலவிற் பாதியை ஏற்றேன். அம்முறை நண்பர் நிலத்தளத்தைப் பிளவின்றி முதலில் அமைத்து, பின்னரே கோடுகளை வகுத்தார். உறுப்புகள் சிலவற்றைச் சற்றே நகர்த்த, அவ்விரண்டு கோடுகளுக்கும் மேலடுக்கிலேயே இடம் கிடைத்தது. கருவி பிழையின்றி இயங்கிற்று.

‘வந்தேன்’ என்னுமிடத்து ‘யான்’ என்பது தோன்றா எழுவாயாய் நின்று வினையைக் கொள்ளும் என்று இலக்கண வகுப்பில் பலகாற் படித்துள்ளேன். படித்தும், தோன்றாது நின்று தாங்குவதைத் தரிசு என்றேன். தோன்றாது என்னைத் தாங்கிய நண்பரின் பின்னும் ஒருநாள் ஒளிந்து நின்றேன்.

பழைய பலகை இன்று என் மேசைமேல் இருக்கின்றது. பிளவு உள்ளே இருத்தலின் கண்ணுக்குப் புலப்படாது. எனினும், ஒன்றைப் பயனற்றது என்று சொல்ல நா எழும்பொழுதெல்லாம் அதனை ஒருமுறை நோக்கிக்கொள்கின்றேன்.