பொன்னுருவியின் பக்கம்

திருவண்ணாமலை, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் கர்ண மோட்சம் ஆடாத கூத்து ஜமாவைப் பார்ப்பது அரிது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில், கர்ணன் சாகும் பதினேழாம் போருக்கு ஆடுவோம். சாவு நடந்த வீட்டில் காரியத்துக்கும் இதைத்தான் கேட்பார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தை ஆட வேண்டியிருக்கும். ஆட்டுவிக்கிற வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு வேறில்லை.

தேரோட்டி வளர்த்தவன் என்று கர்ணனை அத்தனை காலமும் இழிவாக நினைத்தவள் பொன்னுருவி. போருக்குப் புறப்படும் வேளையில்தான் தான் குந்தியின் மகன் என்று அவன் சொல்கிறான். அவள் உடைந்துபோகிறாள். சேர்ந்து வாழ இனி நேரமில்லை. 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் தேவிகா ஏற்ற சுபாங்கி அன்பான மனைவி. அவளை மனதில் வைத்துக்கொண்டு கூத்துக்கு வருகிறவர்களுக்குப் பொன்னுருவி அதிர்ச்சி தருவாள். தரட்டும்.

பெரும்பாலும் இதைக் கர்ணனின் காட்சியாகவே ஆட்டுவிக்கிறார்கள். நான் பொன்னுருவியின் காட்சியாகத்தான் எடுப்பேன். கர்ணனுக்கு எல்லாம் தெரியும், அவன் முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறான். களரியில் மாறுகிறவள் அவள்தான்.

கதையின் முடிவு தெரிந்த பொன்னுருவி வேடக்காரர் முதல் விருத்தத்திலேயே குரலைக் குழைத்துவிடுவார். அங்கேயே நிறுத்துவேன். “அவன் சாகப்போறது ஜனத்துக்குத் தெரியும்பா, பொன்னுருவிக்குத் தெரியாது. நீ ஏசு” என்பேன். ஏச்சு முழுசாக விழுந்தால்தான் பின்னால் வரும் அழுகைக்கு மதிப்பு.

இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அவன் பிறப்பு தெரிந்த பிறகுதான் அவள் மனம் மாறுகிறது. குணத்தைப் பார்த்து மாறியதாக வசனம் சேர்த்து அதை மழுப்புகிறவர்கள் உண்டு. சாதி என்ன செய்யும் என்பதை நம் ஊர் ஜனங்களுக்கு இவ்வளவு நேராகச் சொல்லும் கட்டத்தை ஏன் மெழுக வேண்டும்? புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு இந்தக் கலைக்குள் வந்தவர் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி; 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதன்பின் நகரத்து நாடகக்காரர்கள் நம் அடவையும் வேடத்தையும் உற்றுப் பார்த்தார்கள். வசனத்தின் இந்தக் கூர்மையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிய கர்ணன் குனிந்து யாரையும் அணைக்க முடியாது. இந்தக் கட்டத்துக்கு அது பெரிய பலம். அவன் களரியின் முன்னால் நின்று பிறந்த கதையைச் சொல்வான். அவள் பின்னால் பெஞ்சருகே நிற்பாள். கதை முடியும்வரை அவள் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது. அவன் முகம் ஜனங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முகாரி எடுக்கும்போது மிருதங்கம் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே குரலில் பின்பாட்டு, கூட முகவீணை, அவ்வளவுதான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் எங்கும் பேசலாம், இங்கே பேசக் கூடாது. பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும். சிரிக்கவைத்தே பழகிய கலைஞருக்கு அது கஷ்டம்தான். அவர் எழுந்து ஒதுங்குவதைப் பார்த்தே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

புதிதாக ஜமா எடுக்கும் தம்பிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பெண் வேடம்தானே என்று பொன்னுருவியைக் கற்றுக்குட்டிப் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஜமாவில் யார் தேர்ந்த வேடக்காரரோ, அவருக்கே கொடுங்கள்.