ஒரு கை பாக்கெட்டில்

உயர் மின்னழுத்தத்தோடு வேலை செய்பவர்களிடம் ஒரு பழைய விதி உண்டு: ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள். இரண்டு கைகளும் தொட்டுவிட்டால் மின்சாரம் ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும். நடுவில் இருப்பது இதயம்.

இந்த விதியை எனக்குச் சொன்னவர் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா. கேட்டதும் குனிந்து என் சுடிதாரைப் பார்த்தேன். பாக்கெட் இல்லை.

“நீங்க என்னக்கா பண்ணுவீங்க?”

“முந்தானைய இடது கையில சுத்திப் பின்னால பிடிச்சுக்குவேன். புடவையும் முன்னால விழாது, கையும் போகாது. முப்பது வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.”

நான் தமிழ் முனைவர். கவிதை எழுதுகிறேன். இந்த இரண்டையும் ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. மூன்றாவதாக மொட்டைமாடி அறையில் கண்ணாடிக் குழாய்க்குள் பிளாஸ்மா செய்கிறேன் என்றால் முகம் மாறுகிறது. “கொரோனாவுக்கு ஏத்துனாங்களே, அதுவா?” என்று சக ஆசிரியை கேட்டார். அது இரத்தத்தின் பகுதி. இது வேறு. வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, மின்சாரத்தைக் கடத்தும் நிலை. மின்னலும் சூரியனும் அதுதான். 1928இல் இர்விங் லாங்மூர் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

பிளஸ் டூவில் நான் அறிவியல் பிரிவு. பள்ளி ஆய்வகத்தின் பூட்டிய அலமாரியில் ஒரு மின்னிறக்கக் குழாய் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுப்பார்கள். அன்று பையன்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள், பெண்கள் பின்னால். அவர்கள் தலைகளுக்கு மேலே ஊதா நிறம் கொஞ்சம் தெரிந்தது. அவ்வளவுதான். இயற்பியல் படிக்கப் பக்கத்து ஊருக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரியில் தமிழ் இருந்தது. தமிழ் எனக்கு எல்லாம் தந்தது, அதில் குறையில்லை. ஆனால் அது நான் தேர்ந்தெடுத்ததல்ல.

நாற்பத்து மூன்று வயதில் அந்த ஊதாவை முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டேன். தேவைப்பட்டவை அதிகமில்லை. ஒரு முழ நீளத்தில் கனத்த கண்ணாடிக் குழாய், இரு முனைக்கும் ரப்பர் அடைப்பு, அவற்றில் செருகிய அலுமினியக் கம்பிகள், காற்றை உறிஞ்ச ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் வேக்கம் பம்ப், ஐயாயிரம் வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர். கடையில் கேட்டேன். “சார் வரலையா மேடம்?” என்றார் கடைக்காரர். வரவில்லை என்றேன். “சாருக்குப் போன் போடுங்க, என்ன சைஸுன்னு கேட்டுக்கிறேன்.” சைஸ் என் கையிலிருந்த தாளில் இருந்தது.

வீட்டில் அத்தை பயந்தார். “கரண்டோட என்னம்மா விளையாட்டு?” பயம் நியாயம்தான். இது உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம். குழாய் உள்நோக்கி நொறுங்கவும் கூடும். அதனால் முன்னால் தடித்த பிளாஸ்டிக் தடுப்பு வைத்தேன். அக்கா உடன் இல்லாமல் சுவிட்சைப் போட்டதில்லை. ஆனால் ஒன்றை யோசித்தேன். என் அம்மாவின் வலது கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை பம்ப் ஸ்டவ் தந்த தழும்பு உண்டு. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்ற செய்திகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவற்றில் எத்தனை உண்மையில் ஸ்டவ் வெடித்தவை என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. அந்த அடுப்பின் முன் எங்களை நிறுத்தியபோது எவரும் ‘என்னம்மா விளையாட்டு’ என்று தடுக்கவில்லை. பெண் ஆபத்தைத் தொடுவது இங்கே பிரச்சினையே இல்லை. அந்த ஆபத்தை அவளே தேர்ந்தெடுப்பதுதான் பிரச்சினை.

அந்த நாட்களில் ஹெர்தா அயர்ட்டனைப் படித்தேன். இங்கிலாந்தில் அன்று தெரு விளக்குகளாக எரிந்தவை கார்பன் வில் விளக்குகள். இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே பிளாஸ்மா வளைந்து எரியும். அவை சீறும், துடிக்கும். ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை. கரியின் குழியில் ஆக்சிஜன் படுவதே சீற்றத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தவர் அயர்ட்டன். 1901இல் அவருடைய கட்டுரையை ராயல் சொசைட்டியில் ஓர் ஆண் வாசித்தார். 1902இல் அவர் பெயரை உறுப்பினராக முன்மொழிந்தபோது, திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி அந்தத் தகுதி கிடையாது என்று மறுத்தார்கள். 1906இல் ஹியூஸ் பதக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். அந்தச் சபையில் முதல் பெண் உறுப்பினர்கள் நுழைந்தது 1945இல். அயர்ட்டன் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. ‘சார் வரலையா’ என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

அக்கா அருகில் நிற்க, அறையை இருட்டாக்கிப் பம்பை ஓடவிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. குழாயில் காற்று நெருக்கமாக இருக்கும்வரை எலக்ட்ரான் ஓடத் தொடங்குவதற்குள் எதிலாவது முட்டிக்கொள்கிறது, வேகமெடுக்க இடமில்லை. காற்று குறையக் குறைய அதற்கு ஓட வழி கிடைக்கிறது. வேகமெடுத்து ஓர் அணுவில் மோதி இன்னொரு எலக்ட்ரானை விடுவிக்கிறது. அது இன்னொன்றை. அழுத்தம் நூறில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் ஊதா நூல் ஒன்று நெளிந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்கியபோது குழாய் முழுக்க ரோஜா நிறம் நிறைந்தது. முனைகளில் மட்டும் நீலம். அக்கா “வந்திருச்சு” என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. பெண்ணின் இடைக்கு மின்னலை உவமை சொல்லும் பாடல்களை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். மின்னல் என் மேசையில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

போன மாதம் முதுகலை மாணவிகள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். அனைவரையும் தடுப்பின் முன்வரிசையில் உட்காரவைத்தேன். “மேடம், இதால என்ன பயன்?” என்றாள் ஒருத்தி. ஒன்றுமில்லை என்றேன். பாத்திரம், துணி, விடைத்தாள், குழந்தையின் வீட்டுப்பாடம் என்று என் நாளில் மற்ற எல்லாவற்றுக்கும் பயன் இருக்கிறது. இது ஒன்று பயனில்லாமல் இருக்கட்டும். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இன்னொரு தடவை போடுங்க மேடம்” என்றாள்.

மறுநாள் ஐந்து சுடிதார்களை எடுத்துக்கொண்டு டைலரிடம் போனேன். எல்லாவற்றிலும் பாக்கெட் வேண்டும், கை முழுசா உள்ளே போகிற ஆழத்தில்.

“ரெண்டு பக்கமுமாக்கா?”

“ஒரு பக்கம் போதும். இன்னொரு கைக்கு வேலை இருக்கு.”