விளக்கக் குறிப்பைப் பிறகு என்று தள்ளாதே

கொத்மலை

அன்புள்ள தம்பிக்கு,

புரொஜெக்டுக்கான மெமரி லைப்ரரியை எழுதி முடித்துவிட்டேன், விளக்கக் குறிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று போனில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின்தராசுக்கு நான் புரோகிராம் எழுதியது உனக்குத் தெரியும். அதில் சேர்த்த மெமரி லைப்ரரிக்கு ஒரு பக்க விளக்கமும் இல்லை. ஃபங்ஷன் பெயர்கள் மட்டும்தான். காலை நிறுவை சரியாக நடக்கும், பகல் நிறுவையும் நடக்கும். அந்தியில் வரிசை முடியும் முன்பே தராசு நின்றுவிடும். கொழுந்துச் சாக்கோடு பெண்கள் மழையில் நிற்பார்கள். ஆள் குறைந்த நாளில் மட்டும் ஒரு தொல்லையும் இல்லை. கடைசியில் அந்த ஆள் கணக்கை வைத்துத்தான் பிடித்தேன். ஒரு பதிவுக்கு 64 பைட், ஒதுக்கியது 32 கிலோபைட்; 512 பதிவோடு இடம் தீர்ந்தது. 180 பேர் மூன்று தரம் நிறுத்தால் 540. அந்தி வரிசையில் 152 பேர் தாண்டியதும் நின்றிருக்கிறது. வாங்கிய இடத்தை லைப்ரரியே விடுவிக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

பிறகு எல்லாவற்றையும் நானே விடுவித்தேன். அது இன்னும் பெரிய பிழை. சில ஃபங்ஷன் புதுப் பிரதி தருகிறது. சிலது தன் சொந்த இடத்தையே காட்டுகிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விடுவிக்கக் கூடாததை விடுவித்ததால், பரிசோதனையில் ஒருவரின் 18 கிலோ அடுத்தவர் பெயரில் விழுந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தானே போடுவார்கள்!

சி மொழியில் ஸ்டிர்டப், கெட்என்வ் என்ற இரண்டு ஃபங்ஷனும் ஒரே வகை முகவரியைத்தான் தருகின்றன. முதலாவது தருவதை நாம் ஃப்ரீ செய்து விடுவிக்க வேண்டும். இரண்டாவது தருவதை ஃப்ரீ செய்யவே கூடாது. வாங்கிய இடத்தைப் பெரிதாக்கும் ரியலாக், இடம் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் பழைய இடம் அப்படியே இருக்கும். இதையெல்லாம் ஊகித்து அறிய முடியாது. கையேட்டில் எழுதியிருப்பதால்தான் தைரியமாகப் பயன்படுத்துகிறோம்.

சோர்ஸ் கோட் இருக்கிறதே, வாசிக்கட்டும் என்பாய். நானும் இரவு இரவாக வாசித்தேன். இன்றைக்கு அது என்ன செய்கிறது என்று கோட் சொல்லும். நாளைக்கும் அப்படியே செய்யும் என்ற வாக்கு அதில் இல்லை. அந்த வாக்கை எழுதியவன்தான் கொடுக்க வேண்டும்.

1999 வாக்கில் நம் கொத்மலை சமூக வானொலியில், நேயர்கள் கேட்டதை இணையத்தில் தேடி, ஊருக்குப் புரிகிற மொழியில் சொன்னார்கள். விளக்கக் குறிப்புக்கு நீயும் அப்படித் தமிழில் ஒரு பிரதி எழுது.

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே, யார் விடுவிப்பது, இடம் இல்லாவிட்டால் என்ன திரும்பும் என்று இரண்டு வரியாவது போடு. புரொஜெக்டைக் கையளிப்பதற்கு முன் ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கொண்டு வா. சோர்ஸ் கோட் பார்க்காமல் குறிப்பை மட்டும் வைத்து நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார்க்கிறேன். நான் தடுக்கி நிற்கும் இடத்தில் நீ இன்னும் எழுத வேண்டும்.

அன்புடன்,
அக்கா