குடிலில் ஒரு கழனி

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் குடில் அமைக்கும் பணி தொடங்கிவிடுகிறது. பரணிலிருந்து சுரூபப் பெட்டி இறங்குகிறது. வண்ண விளக்குச் சரங்கள் எரிகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. விண்மீனைக் கட்டக் கயிறு தேடப்படுகிறது. தரையைப் பற்றி மட்டும் கடைசி நாள் வரை எவரும் நினைப்பதில்லை. 24ஆம் தேதி மாலையில் பச்சைத்தாளோ பிளாஸ்டிக் புல்விரிப்போ வாங்கி விரித்து, அதன்மேல் இடையர்களையும் ஆடுகளையும் நிறுத்திவிடுகிறோம். மனுவுருவானவர் ஓர் ஊரில், ஒரு மண்ணின்மேல் பிறந்தார் என்பதைக் கண்ணுக்குக் காட்டுபவை அந்தத் தரையும் புல்லும் மரமுமே அல்லவா? அவற்றைப் பற்றியே இங்குச் சில சொற்கள்.

1223ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் கிரேச்சோ எனும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பிறப்பு விழாவைக் கொண்டாடியபோது அங்குச் சுரூபங்கள் இல்லை. ஒரு தீவனத்தொட்டி, அதில் வைக்கோல், அருகில் உயிருள்ள ஓர் எருதும் ஒரு கழுதையும் மட்டுமே இருந்தன. அவ்வைக்கோலை மக்கள் பின்னர் எடுத்துப் பாதுகாத்து, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தனர் என்று அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமா குறிப்பிடுகிறார். முதற்குடிலின் சிறப்புப் பொருளாக எஞ்சியது புல்லே! 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரக் கைவினைஞர்கள் தங்கள் ஊர்க் கடைத்தெருவையே குடிலுக்குள் கொண்டுவந்தனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் கிரேச்சோவிலேயே கையெழுத்திட்ட திருத்தூது மடலில், நற்செய்தியில் இடம்பெறாத கொல்லரையும் ரொட்டி சுடுபவரையும் மக்கள் குடிலில் வைப்பதை அன்போடு நினைவுகூர்ந்தார். அவரவர் ஊர் அவரவர் குடிலுக்குள் வருவது பழைய வழக்கம். எனவே நம் குடிலில் நம் கழனி விளைவதில் தவறேதும் இல்லை.

எங்கள் சுங்குவார்சத்திரம் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாகப் பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. ஏரிப் பாசனமும் நெற்கழனியும் பனைவரிசையுமாக இருந்த இப்பகுதி, 1998இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியபின் விரைந்து மாறியது. இன்று ஒரகடம் வரை மதில்களும் கூரைகளுமே தெரிகின்றன. அவற்றால் பல்லாயிரம் குடும்பங்கள் உண்கின்றன. அதை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் நாற்றங்காலுக்கும் நட்ட வயலுக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளைகள் இவ்வூரிலேயே வளர்ந்துவிட்டார்கள். ஆகவே, எங்கள் பங்கின் இளையோர் குடில் கட்டும்போது, தரையைச் செய்யும் வேலையை நான் விரும்பி ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் அளவு. நம் சுரூபம் 10 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்வோம். ஏறக்குறைய 160 சென்டிமீட்டர் மனிதரை அது காட்டுகிறது. அதாவது 16இல் 1 பங்கு. அந்தக் கணக்கில் 15 மீட்டர்ப் பனை ஒன்று குடிலில் ஏறத்தாழ 1 மீட்டர் நிற்க வேண்டும். இடம் போதாதென்றால் பனைகளைப் பின்வரிசைக்குத் தள்ளிச் சிறிதாகச் செய்யலாம். தொலைவில் உள்ளவை சிறுத்துத் தெரிவது இயல்பே. தொலைவுப் பச்சையைச் சற்று வெளிறிய நீலம் கலந்து பூசினால் கண் அதைத் தூரமென்றே நம்பும்.

அடுத்தது புல். இதற்குக் கேழ்வரகை வெல்ல வேறொன்றில்லை. ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வெடித்ததும் தட்டில் ஒரு விரற்கடை உயரம் பரப்பிய ஈர மணலிலோ தென்னைநார்த் தூளிலோ நெருக்கமாகத் தூவ வேண்டும். முதலிரு நாட்கள் ஈரச் சாக்கால் மூடி, பின் காலை வெயிலில் வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வளர்ந்துவிடும். முன்சொன்ன கணக்கில் அது முக்கால் மீட்டருக்கு மேற்பட்ட பயிர், கழனிக்குப் பொருத்தம். மேய்ச்சல் நிலத்திற்குக் கத்தரியால் அதைக் குட்டையாக வெட்டிவிடலாம். கடுகும் வெந்தயமும் அகன்ற சிற்றிலை விடுவதால் புதர்களாகப் பயன்படும். குடிலுக்குள்ளேயே விதைத்து வளர்ப்பது நன்றன்று. வெளிச்சம் குறைந்த இடத்தில் முளை பச்சையம் கொள்ளாது வெளிறி, ஒளியைத் தேடி நீண்டு, தலைசாய்ந்து விழுந்துவிடும். வெளியே தட்டில் வளர்த்து, 23ஆம் தேதி உள்ளே வைப்பதே முறை. திருக்காட்சிப் பெருவிழா வரை பசுமை நிலைக்க வேண்டுமாயின் 22ஆம் தேதி மறுபடி ஒரு தட்டு விதைத்துக்கொள்க.

இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் புரோவான்சுப் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் கோதுமை முளைக்கவைத்துக் குடிலருகே வைப்பர்; ஹங்கேரியிலும் குரோவாசியாவிலும் டிசம்பர் 13, புனித லூசியா நாளில் விதைப்பர். நம் நாட்டுப்புறத் திருவிழாக்களின் முளைப்பாரியையும் எண்ணிப் பாருங்கள். விதை மண்ணுக்குள் மறைந்து எழுவதைக் கண்டு நம்பிக்கை கொள்ளாத உழவர் எந்நாட்டிலும் இல்லை.

உலர்ந்த தரைக்கு மரத்தூள் போதும். மாவுச் சல்லடையில் சலித்து, மூன்று நான்கு பாத்திரங்களில் வெவ்வேறு பச்சையும் பழுப்புமாகத் துணிச்சாயம் ஏற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தரையில் பூசி, முதலில் பழுப்பு, அதன்மேல் கரும்பச்சை, இறுதியில் அங்கங்கே இளம்பச்சை என்று தூவினால், ஒரே பச்சையில் தெரியும் பொய்மை மறைந்துவிடும். இயற்கையில் ஒரே பச்சை என்பது எங்குமே இல்லை. மலைப்பொழிவில் வயல்வெளி மலர்களை உற்று நோக்குமாறு ஆண்டவர் பணித்தார். இத்தொழிலின் முதற்பாடமும் அதுவே.

மரத்திற்குப் பழைய மின்கம்பியின் செம்பு இழைகள் உதவும். எங்கள் ஊர்க் காயலான் கடையில் அவை கிலோக் கணக்கில் கிடைக்கின்றன. முப்பது இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். மேலே போகப்போக இரண்டாகவும் நான்காகவும் பிரித்து முறுக்கினால் கிளைகள். பசையும் மரத்தூளும் பூசினால் பட்டை. இயந்திரங்களோடு வரும் பொதிகளிலிருந்து கழித்த பஞ்சுநுரையை நுணுக்கிக் கிழித்துச் சாயம் ஏற்றினால் இலைக்கொத்து. முற்றிய பீர்க்கங்காய்க் கூட்டைப் பிய்த்தால் வேலிப்புதர் ஆகும். மேனாட்டில் மாதிரி இரயில் அமைப்போர் கிளிசரின் ஊட்டி மென்மையாக்கிய பாறைப்பாசியைப் புதராக வைப்பதுண்டு. நைலான் இழைகளுக்கு மின்னூட்டம் கொடுத்து நெட்டுக்குத்தாக நிற்கும் புல்லாக்குவதும் உண்டு. நமக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. மலைகளிலிருந்து பாசியை உரித்து வருவதும் வேண்டா. ஆண்டிற்குச் சில மில்லிமீட்டரே வளரும் பாசியினங்கள் உண்டு. நம் ஏரிகளில் விளையும் நெட்டியைச் சீவி அல்லிப்பூவும் தாமரையும் செய்யலாம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் இளையோர் குடிலில் நான்கு கழனிகளை அளவுகோல் வைத்துச் சதுரமாகப் பிரித்தார்கள். அங்கு வந்த முதியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு ஏக்கர் நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. "வரப்பு இப்படி நேராகவா இருக்கும், தம்பி? தண்ணீர் போகிற பக்கம்தானே வரப்பும் வளையும்?" என்றார். "நீங்களே அமைத்துக் கொடுங்கள், ஐயா" என்று மணலை அவர் முன் நகர்த்தினேன். அவர் தரையில் அமர்ந்து, மதகிலிருந்து வாய்க்காலை இழுத்தார். மேட்டுக் கழனியிலிருந்து பள்ளக் கழனிக்கு மடை திறந்தார். மூலையில் ஒரு கைப்பிடி கேழ்வரகு முளையை மட்டும் மிக அடர்த்தியாக வைத்து, "இது நாற்றங்கால்" என்றார்.

அவருடைய பேத்தி இரவு வேலை முடித்துச் சீருடையோடு வந்து நின்றிருந்தாள். "தாத்தா, இது எந்த இடம்?" என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மதகடிக் கழனி, பனையடிக் கழனி, ஆடி மாதம் நாற்று விட்ட இடம். சற்றுநேரம் பேசாதிருந்து, "எங்கள் கம்பெனிப் பேருந்து நிற்குமிடம்தானே இந்த நாற்றங்கால்?" என்றாள். அவர் தலையசைத்தார். எவர்மீதும் குறை கூறவில்லை. அவள் கைப்பையை வைத்துவிட்டு அவரருகே அமர்ந்து வரப்புகளுக்கு மண் அணைத்தாள். சொந்த ஊர் செல்ல விடுமுறை கிடைக்காத தென்மாவட்டத் தோழியர் இருவர் காகிதம் வெட்டிப் பனையோலை மடித்துக் கொடுத்தனர்; பனையின் காய்ந்த மட்டைகள் கழுத்தடியில் தொங்க வேண்டுமென்று சொன்னவர்களும் அவர்களே. அவ்வாண்டுக் குடிலைக் கண்ட பங்கு மக்கள் பலர், இறைமகனை வணங்கிய பின்னும் நகராமல், இது யாருடைய கழனி, இந்தப் பனை எங்கிருந்தது என்று பேசிக்கொண்டிருந்தனர்.

இதில் பழைமை ஏக்கம் மட்டுமே உண்டென்று நினைக்க வேண்டா. மழைக்குப்பின் நம் ஏரி நிரம்பிக் கழனி பசுமை கொள்ளும் காலமே பெத்லகேமின் குன்றுகளும் மழைபெற்றுத் தளிர்க்கும் காலம். நம் பிள்ளைகள் ஒரு நாற்றைச் சரியான உயரத்தில், சரியான பச்சையில் செய்யக் கற்கும்போது, ஓர் உயிருள்ள செடியை முதன்முறையாக நின்று பார்க்கிறார்கள். அதை நட்டு உண்டவர்களின் பெயரையும் கேட்டறிகிறார்கள். நிலம் கைமாறலாம். அதன் வடிவை அறிந்த ஒரு முதியவர் நம்மிடையே இருக்கும்வரை, அவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நம் கடமை.

ஆகவே அன்பர்களே, இவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஒரு பிடி கேழ்வரகை ஊறவையுங்கள். வீட்டிலுள்ள பெரியவரை அழைத்து வரப்பு எப்படி வளைந்திருந்தது என்று கேளுங்கள்; பிள்ளைகளின் கையில் மண்ணைக் கொடுங்கள். விழா முடிந்ததும் அப்பயிரைக் குப்பையில் எறியாமல், பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கொடுங்கள்.