மூச்சுக்கு இடம்

“இந்த வரியில் நான் எங்கே மூச்சு எடுப்பது, சொல்லுங்கள்” என்று கேட்டார் குழல் வாசிக்கும் பெண். இசையமைப்பாளர் உடனே பதில் சொல்லவில்லை. பென்சில் முனையால் சுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

பாரிஸின் வடகிழக்கில், லா வில்லெத் பகுதியில் ஓர் ஒத்திகை அறை. புல்லாங்குழலுக்கும் பியானோவுக்குமான ஒரு கடினமான புதிய படைப்பை எழுதி முடிப்பதற்கு முன்பே வாசித்துப் பார்க்கிறார்கள். விரல் வேகத்தைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. பேச்செல்லாம் காற்றைப் பற்றித்தான்.

ஓபோவில் சீவாளி காற்றைத் தடுத்து அளந்து விடும். குழலில் அந்தத் தடை இல்லை. உதட்டிலிருந்து புறப்படும் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிளக்கிறது; ஒரு பங்கு வெளியிலேயே போய்விடுகிறது. கீழ் ஸ்தாயியில் உரக்க வாசித்தால் மூச்சு இன்னும் விரைவாகத் தீரும். இசையமைப்பாளர் எழுதியிருந்ததோ அதே கீழ் ஸ்தாயியில் இடைவெளியே இல்லாத நீண்ட வரி. கடைசியில் நடுவிலிருந்த ஒரு சுரத்தைக் குழலிடமிருந்து எடுத்து, பியானோவின் வலது கைக்குக் கொடுத்தார். கேட்பவருக்கு வரி அறுபடவில்லை. வாசிப்பவருக்கு மூச்சு கிடைத்தது. அந்த ஒரு சுர மாற்றத்தில் நான் கண்ட தொழில் நுட்பம் பக்கம் பக்கமான விளக்கங்களில் கிடைக்காது.

அடுத்து வந்தது ஒரு கார்வை. மேல் ஸ்தாயியில் ஒரே சுரம், மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும். தாளில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் குழலில் ஊதும் விசை குறையக் குறையச் சுருதி இறங்கும். பியானோவோ அதே சுரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உதட்டின் கோணத்தை மயிரிழை அளவில் மாற்றி மாற்றித்தான் அந்தச் சுரத்தைக் காப்பாற்ற வேண்டும். அன்று வாசித்த பக்கங்களில் மிகக் கடினமான இடம் இதுதான் என்பேன்.

வாசிப்பவரை மனத்தில் வைத்துக் குழலுக்கு எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பாரிஸ் இசைக் கல்லூரி தன் குழல் தேர்வுக்கென்றே இசையமைப்பாளர்களிடம் படைப்புகளைக் கேட்டு வாங்கியது. துத்தியோவின் சொனாத்தீன் 1943இலும், ஜொலிவேயின் ‘லினோசின் பாடல்’ 1944இலும், மெஸ்ஸியானின் ‘கரும்பறவை’ 1952இலும் அப்படித்தான் பிறந்தன. ஜொலிவேயின் படைப்பை வாசித்து முதல் பரிசு பெற்றவர் ழான்-பியேர் ராம்பால். 1946இல் இளைஞரான பூலெஸ் அவரை மனத்தில் வைத்து ஒரு சொனாத்தீன் எழுதினார். ராம்பால் அதை மேடையில் வாசிக்கவில்லை. அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் வேறொருவர் வாசித்தார். வாசிப்பவர் ஏற்காவிட்டால் எத்தனை பெரிய கற்பனையும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பியானோ வாசிக்கும் இளைஞருக்கும் ஒரு குறை இருந்தது. இடது கையில் ஐந்து சுரங்கள் ஒன்றாக அழுந்தி, பெடலும் சேர்ந்தால் குழல் மூழ்கிவிடுகிறது. மூடியைப் பாதிதான் திறந்திருந்தார்கள், அப்படியும் அடங்கவில்லை. குழலை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றலாமே என்றார். இசையமைப்பாளர் மறுத்துவிட்டார், காற்று கலந்த அந்தக் கீழ்க்குரல்தான் அவருக்கு வேண்டும். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. அதற்குப் பதில் இடது கையின் ஐந்து சுரங்களில் மூன்றை அடித்துவிட்டார்.

பிறகு ஒன்றைச் சோதித்தார்கள். பெடலை மட்டும் மிதித்து வைத்துக்கொண்டு, குழலைப் பியானோவின் உட்புறம் நோக்கி ஊதச் சொன்னார் இசையமைப்பாளர். யாரும் தொடாத தந்திகள் அந்தச் சுரத்தை வாங்கி ஒலித்தன. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அது முழுமையாகக் கேட்க மூடி முழுக்கத் திறந்திருக்க வேண்டும்; வாசிப்பின் நடுவே எழுந்து திறக்க முடியாது. தொடக்கத்திலிருந்தே திறந்துவைத்தால், இதுவரை எழுதிய இடது கை முழுவதையும் மெலிதாக்கியாக வேண்டும்.

“அப்படியே செய்வோம்” என்றார் இசையமைப்பாளர். அடுத்த ஒத்திகைக்குள் முதல் பக்கத்திலிருந்து திருத்தித் தருவதாகச் சொன்னார். கார்வையை மட்டும் தொட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் குழல் வாசிப்பவர்.