கட்டணம் இல்லை, செலவு உண்டு

ஞாயிறு

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். டாக்டர்களின் வண்டி வருமுன்பே வராந்தா நிறைந்துவிட்டது. ரிட்டயர்டு டீச்சர் என்பதால் பார்வை அட்டையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஆறு மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, ஆங்கில ‘இ’ எழுத்தின் மூன்று காலும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று கேட்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர் கையைக் காட்டினால் போதும். ஒரு பெரியவர் விரலிடுக்கு வழியாக நல்ல கண்ணால் பார்த்துப் பார்த்துச் சரியாகவே காட்டினார். உள்ளங்கையால் அழுத்திப் பொத்தச் சொன்னேன், அட்டையே தெரியவில்லை. “அப்ப நான் பாஸா, பெயிலா டீச்சர்?” என்றார்.

அடுத்தடுத்த மேசைகளில் கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை. புரை என்று டாக்டர் எழுதிவிட்டால் மத்தியானமே பஸ். மறுநாள் ஆபரேஷன். தங்க இடம், சாப்பாடு, மருந்து, ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் இலவசம். இதைச் சொன்னதும் ஒரு அம்மா கேட்டார்: “நாளைக்கு நூறு நாள் வேலைக்குப் போகலேன்னா சம்பளத்த யாரு குடுப்பா? ஆட்டுக்குத் தழை யாரு ஒடிப்பா?” பதில் சொல்ல வரவில்லை. “அடுத்த கேம்புக்கு வாரேன்” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு கண்ணிலும் புரை.

திங்கள்

நேற்றைய இலவசத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், பணி ஓய்வுக்குப் பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆபரேஷன் செய்தவர். முன்பெல்லாம் புரையை மட்டும் எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். என் தாத்தா அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கத் தடுமாறுவார். 1992இல் அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் மதுரையிலேயே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஏழைக் கண்ணுக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. மருத்துவமும் பணமும் தடையாக இருந்த காலம் இந்தப் பக்கம் பெரும்பாலும் மலையேறிவிட்டது. மிச்சம் இருப்பது அந்த அம்மா கேட்ட கணக்கு. ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் அவருக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்க்கலாம்.

புதன்

பஸ் திரும்பியது. எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி, கையில் சொட்டு மருந்து. தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். பெரியவர் டீக்கடைச் சுவரில் இருந்த சினிமா போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து போன அம்மாவும் தழைக்கட்டோடு வந்து நின்று, “வலிச்சுச்சாண்ணே?” என்று அவரை விசாரித்தார். நான் குறுக்கே போகவில்லை. அந்தப் பேச்சைப் பெரியவர்தான் பேச வேண்டும்.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. ஞாபகப்படுத்தப் போன் நம்பர்களைச் சரிபார்த்தேன். பாதிக்குமேல் திருப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுடையவை. எடுத்தவர்கள், “அப்பாவுக்கு ஆபரேஷனா? எப்ப?” என்கிறார்கள். பக்கத்து வீட்டு நம்பர்களை வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன்.