கம்பித் தட்டுகள்

அடுக்களையை ஒட்டியுள்ள சாமான் அறைக்குள் விருந்தினர் எவரும் செல்வதில்லை. அரிசியும் பருப்பும் புளியும் மிளகாய் வற்றலும் அங்கே அரையிருளில் அமைதியாக இருக்கின்றன. ஆயினும் ஒரு குடும்பத்தின் அச்சம் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்பதை அந்தச் சிறிய அறையே நன்கு அறியும். எத்தனை நாளைக்கு வேண்டியதைச் சேர்க்கிறோம், எதைப் பிறர் கண்ணுக்கு மறைக்கிறோம், எதைப் பிறருக்கென ஒதுக்குகிறோம் என்பவை எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

எங்கள் வீட்டுச் சாமான் அறையிலிருந்த மர அலமாரியைக் கறையான் அரித்துவிட்டது. அதற்கு மாற்றாக எதை அமைப்பது என்று எண்பது வயதான என் அன்னையோடு கலந்து பேசினோம். கடப்பைக்கல் பதிக்கலாம், ஆனால் சுவரை வெட்ட வேண்டும். கம்பித் தட்டுகளே ஏற்றவை என்றார் கொத்தனார். கம்பிகளுக்கிடையே காற்று உலவுவதால் ஈரம் தங்காது. கரப்பான் பூச்சி ஒளிவதற்கு மூலை கிடையாது. சிந்தியது தட்டிலே தேங்காமல் தரையில் விழுவதால் பெருக்கிவிடலாம். எங்களுடையது கடற்கரை ஊர். வண்ணம் பூசிய இரும்புக் கம்பியில் பூச்சு உரிந்த இடத்தை உப்புக் காற்று விரைவில் துருவாக்கிவிடும். ஆகவே 304 தரத்து எவர்சில்வர் கம்பியே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அம்மா மட்டும் உடன்படவில்லை. "கதவு இல்லாத அலமாரியா? இருக்கிறதும் இல்லாததும் வருகிறவர்கள் கண்ணில் படுமே!" என்றார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அவர்கள் மணமாகி இவ்வீட்டுக்கு வந்தது 1960-களின் நடுப்பகுதியில். தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஏன் அத்துணை உள்ளங்களைத் தொட்டது என்பது அன்றைய அடுப்படிகளுக்குத் தெரியும். அந்நாள்களில் வெறும் பானையையும் மூடியே வைப்பார்களாம். பிள்ளைகள் பார்த்துக் கலங்கக் கூடாது; அண்டை வீட்டார் பார்த்து இரங்கக் கூடாது. அலமாரிக் கதவை அவர்கள் குடும்பத்தின் மானமாகவே கருதினார்கள். ஒளிவுமறைவு வேண்டாம் என்று பிறருக்கு அறிவுரை சொல்வது எளிது. இல்லாமையை ஒருநாளும் அறியாதவர்க்கு அது மிக எளிது.

ஆனால் இல்லாமையை மறைத்த கதவே பிற்காலத்தில் மிகுதியையும் மறைக்கத் தொடங்கிவிடுகிறது. பழைய அலமாரியை ஒழித்தபோது, பின்வரிசையிலிருந்து வண்டு விழுந்த உளுந்தும், கட்டிதட்டிப்போன ரவையும், எப்போது வாங்கியதென எவருக்கும் நினைவில்லாத அரிசியும் வெளிவந்தன. அம்மா அந்த உளுந்தை முறத்தில் கொட்டி நெடுநேரம் புடைத்துக்கொண்டிருந்தார்கள். "இது அன்றைக்கு இருந்திருந்தால் இரண்டு வீடு பசியாறியிருக்கும்" என்றார்கள். பிறகு, "அறைக்குக் கதவு இருக்கிறதே, அது போதும். தட்டுக்கு வேண்டாம்" என்று அவர்களே முடிவு சொன்னார்கள்.

சேர்த்து வைத்து மறந்துபோகும் வழக்கம் நம் காலத்திற்கு மட்டும் உரியதன்று. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையை லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டுச் செசாரியாவில் வாழ்ந்த புனித பெரிய பசிலியார் இவ்வுவமையை விளக்கி ஆற்றிய மறையுரை புகழ்பெற்றது. நாம் தேவைக்கு மேல் பூட்டி வைத்திருக்கும் உணவும் உடையும் உண்மையில் பசித்தவனுக்கும் ஆடையற்றவனுக்கும் உரியவை என்று அவர் அதில் இடித்துரைத்தார். வறட்சியால் அப்பகுதியில் பஞ்சம் நேர்ந்தபோது, ஏழைகளுக்கு உணவளிக்க அவரே முன்னின்று உழைத்தார். இன்று இரண்டாயிரம் அடி பரப்பில் களஞ்சியம் கட்டுவோர் நம்மில் இல்லை. ஆனால் நான்கடி அலமாரியின் பின்வரிசையும் ஒரு களஞ்சியமே அல்லவா?

மறுநாள் வேலை தொடங்கிற்று. கொத்தனார் ரசமட்டம் வைத்துச் சுவரில் கோடு கிழித்தார். பழைய தரை ஒருபுறம் சரிந்திருப்பதால், தரையிலிருந்து அளந்தால் தட்டும் சரிந்துவிடும் என்றார். பின்னர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிச் செவிகொடுத்துக் கேட்டு, வெற்றொலி எழுந்த இடங்களை விலக்கினார். "பூச்சு அரை அங்குலந்தான் அம்மா, அது பார்வைக்கு. பாரத்தைச் செங்கல்தான் தாங்கணும்" என்று விளக்கினார். செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில் துளை விழுந்தால் பிடிமானம் குறையும். ஆகவே ஒவ்வொரு துளையும் செங்கல்லிலேயே அமையும்படி பார்த்துக்கொண்டார். துளைக்குள் இருந்த தூளை ஊதி நீக்கி, பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, இரண்டு அங்குலத் திருகாணியை முடுக்கினார். ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கியாக, நான்கடித் தட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று தாங்கிகள். பாரமானவை கீழே, இலேசானவை மேலே என்பது அவர் சொல்லிச் சென்ற இறுதி விதி. பக்தியும் சில வேளைகளில் வெறும் பூச்சில் அறையப்பட்ட ஆணியாகிவிடுகிறது. பாரம் ஏறும் நாளில்தான் அது எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரிகிறது.

மேல்தட்டின் உயரத்தை அம்மாவின் கை எட்டும் அளவுக்கே வைத்தோம். அவர்களுக்கு இப்போது பார்வை மங்கல். இருப்பினும் கம்பிகளுக்கிடையே வெளிச்சம் இறங்குவதால் எந்த டப்பாவில் எது இருக்கிறது, எது தீரப்போகிறது என்று தெரிகிறது. இருப்பது தெரிவதால் வாங்குவது குறைந்திருக்கிறது. சிறிய டப்பாக்கள் கம்பியிடுக்கில் சாயாதிருக்க ஒரு தாம்பாளத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இடுப்பளவு உயரத்திலுள்ள நடுத்தட்டில், எளிதில் கைக்கு எட்டும் முதலிடத்தில், பிடியரிசி டப்பா இருக்கிறது. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதற்குள் விழும். மாதக் கடைசியில் வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாக அது ஒரு வீட்டுக்குச் செல்லும். எந்த வீட்டுக்கு என்று அம்மா கேட்பதில்லை. வெறும் பானையை மூடிவைக்கும் இன்னொரு பெண் அங்கே இருப்பாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவளுடைய மானத்தையும் காக்க வேண்டும்.

ஈகையையும் செபத்தையும் மறைவில் செய்யுமாறு ஆண்டவர் கற்பித்ததை மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அன்றன்றைய உணவுக்காக மன்றாடவும் அதே அதிகாரத்தில்தான் அவர் கற்றுத்தருகிறார். அறையின் கதவு ஊராருக்கு மூடியிருக்கலாம்; அதில் குற்றமில்லை. உள்ளே நம் கண்ணுக்கு எதுவும் மறையாதிருக்கட்டும். ஒரு தட்டேனும் பிறருக்குரியதாக இருக்கட்டும். மறைவில் இருப்பதைக் காணும் தந்தை நம் சாமான் அறையையும் காண்கிறார்.